வலு குறைந்த கை திறக்கும் வரை

இறுகிய தாழை இதமாய் இளக்கிய இனியவரே! தொய்ந்த கதவைத் தூக்கி நிறுத்திய தூயவரே! ஆடிய கைப்பிடிகளை அடக்கி ஆண்ட அண்ணலே! காற்றும் மழையும் கதவிடுக்கில் கால் வைக்காமல் காத்த காவலரே! எப்பேர்ப்பட்ட பூட்டும் தங்கள் கருவிப் பெட்டியைக் கண்டதும் பாதிப் பிடிவாதத்தை விட்டுவிடும் பெருமைக்கு உரியவரே! இரட்டைக் கண்ணாடிக் கதவுகளையும் சன்னல்களையும் பழுது பார்க்கும் எங்கள் நிறுவனத்தின் மூத்தவரே, முன்னவரே, எங்கள் எல்லோருக்கும் 'கைப்பிடி அண்ணன்' ஆனவரே! பணி நிறைவு பெறும் இந்தப் பொன்னாளில், பட்டறையினரும் அலுவலகத்தினரும் பக்கம் பக்கமாய் அமர்ந்து, பாசத்தோடும் கொஞ்சம் பயத்தோடும் ஒரே குரலில் படித்தளிக்கும் பாராட்டு இது.

ஒரே குரல் என்றால், அந்தக் குரல் ஸ்டோர் பொறுப்பாளராகிய என்னுடையது. மடல் எழுதுவது யார் என்ற கேள்வி வந்ததும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. "அக்கா, நீங்களே எழுதிடுங்க, உங்களுக்குத்தான் வாய் நீளம்" என்றான் பட்டறையின் நெட்டை. மேலாளர் மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "கம்பீரமா இருக்கட்டும்மா. சட்டம் போட்டு மாட்டற விஷயம். அடைமொழியில கஞ்சத்தனம் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். கைவசம் இருந்தவற்றில் முக்கால்வாசியை மேலேயே கொட்டிவிட்டேன். மீதியைப் போகப் போகத் தருகிறேன்.

கண்ணியத்தின் கண்ணாடியே! தங்கள் பணிச்சிறப்பை எங்கிருந்து தொடங்குவது? தாங்கள் பூட்டோடு பேசும் அழகிலிருந்தே தொடங்குகிறேன். பழுதான கதவின் முன்னால் தாங்கள் முழங்காலிட்டு, கண்ணை மூடி, கைப்பிடியை மெல்ல அசைத்து, "என்னடா ராஜா, என்ன கோபம்? யார் உன்னை அடிச்சா?" என்று கேட்பதைக் கண்ட வீட்டுக்காரர்கள் முதலில் மிரண்டிருக்கிறார்கள், பிறகு சிரித்திருக்கிறார்கள், கடைசியில் உருகியிருக்கிறார்கள். "வா கண்ணு, வா, வந்துடு செல்லம்" என்று தாங்கள் கொஞ்சக் கொஞ்ச, உள்ளே உடைந்து மாட்டிக்கொண்ட தாழ் வெளியே வந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கொஞ்சலில் கால்வாசிகூட எங்களில் ஒருவருக்கும் கிடைத்ததில்லை என்பதை இந்தச் சபையில் பதிவு செய்கிறேன். எங்களைப் பார்த்தால் தங்களுக்கு வரும் வார்த்தை, "அந்த ஸ்குரூவை அப்படியா முறுக்குவாங்க, பிசாசுங்களா!" என்பதுதான்.

கதவையே மாற்றிவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தவர்களின் வீட்டில், தாழ் விழும் குழியில் சிக்கியிருந்த ஒரு பொத்தானை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "சட்டையில தைச்சுக்கோங்க" என்று சொல்லி வந்தவர் தாங்கள். மழைச்சாரல் அடிக்கும் சன்னலை மூட முடியாமல் துணியை அடைத்து வைத்திருந்த மருந்துக்கடையில், அந்தச் சன்னலைத் தாங்கும் இரும்புக் கையின் வளைவை நிமிர்த்தி, ரப்பர் விளிம்பைச் சீராக்கி, அந்தத் துணியையும் அலசிக் காயப்போட்டு வந்தவரும் தாங்களே. பூட்டு என்றால் அடைப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். யாரையும் அடைத்து வைக்காமல் இருப்பதுதான் நல்ல பூட்டின் முதல் வேலை என்று தாங்கள் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துப்போனது. புளித்த பிறகுதான் புரிந்தது.

ஆனாலும் தங்கள் பெயர் நிலைத்தது ஒரே ஒரு வழக்கத்தால். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் என்ன செய்வோம்? நாங்களே கதவைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். தாங்கள் கிளம்ப மாட்டீர்கள். "இந்த வீட்டுல கைவலு குறைஞ்சவங்க யாரு? அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க திறக்கட்டும்" என்பீர்கள். அந்தக் கை திறந்து, அந்த வாய், "சரியாயிடுச்சு" என்று சொன்னால்தான் தங்கள் கணக்கில் வேலை முடிந்தது. அது வரைக்கும் தாங்கள் அசைந்ததில்லை. பிற்பகல் வேலைகள் காத்திருக்கட்டும், மேலாளர் போனில் கத்தட்டும், தாங்கள் மறுபடி முழங்காலிட்டு, "இன்னும் ஒரு சுத்து இளக்கறேன், இருங்கம்மா" என்பீர்கள்.

இந்த வழக்கத்தால் ஒரு வீட்டில் கலவரமே நடந்தது. மாடி வீடு, வாட்டசாட்டமான குடும்பம். மருமகன் வந்து கதவைப் படாரென்று திறந்து, "சூப்பர் சார், கிளம்புங்க" என்கிறார். தாங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள். வீடே ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மாமியாரைக் கைகாட்டியது. மாமியார் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தார். "யாருக்குடா வலு இல்ல? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்று ஓர் இழு இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மருமகன் இரண்டடி பின்வாங்கினார். தாங்கள்தான் அந்தக் கைப்பிடியை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு இந்த ஸ்குரூ பத்தாது, நீளமானது போடறேன்" என்று மரியாதையாகச் சொன்னீர்கள். அந்த அம்மாள் இன்று வரை நம் அலுவலகத்துக்குப் போன் செய்து, "அந்த மரியாதை தெரிஞ்சவர் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்.

பண்பின் பெட்டகமே! இப்படிப்பட்ட தங்களுக்கு ஓய்வு நாள் நெருங்கியபோது நடந்ததைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது. அதைச் சபையில் சொல்லத் தங்கள் துணைவியார், எங்கள் அன்புக்குரிய அண்ணி, முழு அனுமதி தந்திருக்கிறார். அனுமதி என்ன அனுமதி, உத்தரவே போட்டிருக்கிறார்.

தாங்கள் ஒரு நாள் மேலாளர் அறைக்குப் போய்ப் பணி நீட்டிப்புக் கேட்டீர்கள். "இன்னும் கொஞ்ச காலம் ஓடட்டும் சார். வீட்டுல உட்கார்ந்து என்ன பண்றது? அங்க எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றீர்கள். மேலாளருக்கு வாயெல்லாம் பல். தங்களைப் போல ஓர் ஆளை யார் விடுவார்கள்? யோசிக்கிறேன் என்று பெயருக்குச் சொன்னாரே தவிர, மனத்துக்குள் அப்போதே தலையாட்டிவிட்டார். அதே வாசகத்தை அன்று சாப்பாட்டு நேரத்தில் அண்ணியிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

அண்ணி என்னைப் போனில் கூப்பிட்டார். சாதாரணமாகக் கதை பேசத்தான் கூப்பிடுவார். அன்று குரல் வேறு மாதிரி இருந்தது. "வீட்டுல அவருக்கு வேலை இல்லையாம்மா. இத்தனை வருஷம் இந்த நாளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாளாவது ரெண்டு பேரும் பால்கனியில உட்கார்ந்து டீ குடிக்கலாம்னு. அந்தக் கதவும் திறக்கறதில்ல, இவரும் நிக்கறதில்ல" என்றார். சொல்லிவிட்டு உடனே, "அதெல்லாம் விடு, இவர் வெளியில இருந்தாத்தான் எனக்கும் நிம்மதி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அண்ணிக்குத் தாங்கள் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் தேநீர் நேரத்தில் இதை நான் பட்டறையில் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் மூவர்: கீல்களின் கில்லாடியான நெட்டை, கண்ணாடி பொருத்தும் கண்ணாடிக்காரர், கதவைத் தனியாளாகத் தோளில் தூக்கும் பயில்வான். மூவரும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்கள். அந்த அவசரத்தைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். மூவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அண்ணனுக்கு ஓய்வுப் பரிசாக அந்தப் பால்கனிக் கதவை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட முடிவு கட்டிவிட்டார்கள்!

முதலில் நெட்டை என்னிடம் வந்து கீல் திருகும் சாவி கேட்டான். "மச்சினி வீட்டுக் கதவுக்கு, அக்கா" என்றான். கண்ணாடிக்காரர் வந்து கண்ணாடிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் கேட்டார். அவருக்கும் மச்சினி வீடு. பயில்வான் வந்து உளியும் ஸ்குரூவும் கேட்டபோது, "மச்சினி வீடா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "எப்படிக்கா தெரியும்?" என்று வியந்தார். ஒரே வாரத்தில் இத்தனை மச்சினிகளின் கதவும் பழுதாகிறதே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கதவுகளின் குணம் தெரியாத விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. கைப்பிடியை மேலே தூக்கினால், கதவின் ஓரத்தில் மேலும் நடுவிலும் கீழும் இருக்கும் தாழ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து, சட்டத்தில் இருக்கும் குழிகளில் போய் உட்காரும். கண்ணாடி இரட்டை, ஆகவே கதவு கனம். கனத்தில் கதவு சற்றே தொய்ந்துவிட்டால் தாழும் குழியும் நேருக்கு நேர் நிற்காது, கைப்பிடி கல்லாகிவிடும். கைவலு உள்ளவர் ஓங்கி இழுத்துத் திறந்துவிடுவார். கைவலு இல்லாதவர், அந்தக் கதவே தனக்குத் தேவையில்லை என்று நகர்ந்துவிடுவார். இதில் கடைசி வாக்கியத்தைச் சபை கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாங்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து நெட்டை வந்தான். கீலைத் திருகித் தொய்ந்த கதவை மேலே தூக்கினான். வேலை சுத்தம். அதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். "அண்ணி, நான் வந்ததை யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். அடுத்து வந்த கண்ணாடிக்காரர், "இதுல யாராவது கை வெச்சாங்களா அண்ணி?" என்று கேட்டார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட அண்ணி, "யாரும் வரலையே" என்றார். முன்பொரு நாள் டீ குடிக்க வந்தபோது பார்த்த தொய்வு அப்படியே இருப்பதாக நினைத்து, கண்ணாடிக்கு மூலையில் முட்டுக் கொடுத்து அவரும் கதவை மேலே தூக்கினார். கைப்பிடி சற்று இறுகியது. புதிதில் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவரும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பயில்வான் வந்தபோது கதவு தன் வாழ்நாளிலேயே மிக உயரமான இடத்தில் இருந்தது. அவரும் அதே கேள்வியைக் கேட்டார், அண்ணியும் அதே பதிலைச் சொன்னார். கதவு தொய்ந்திருக்கிறது என்ற முடிவோடு வீட்டிலிருந்தே கிளம்பி வந்தவர் ஆதலால், கண்ணால் பார்க்கும் வேலையை மிச்சப்படுத்திக்கொண்டு, சட்டத்தில் இருந்த குழித் தகடுகளைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டினார். அண்ணி இதற்குள் பால்கனிக்குள் காலெடுத்து வைத்து, வாடியிருந்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கேயே நில்லுங்க அண்ணி, ஒரு தடவை பூட்டிக் காட்டறேன்" என்றார் பயில்வான். கதவைச் சாத்தினார். கைப்பிடி ஏறவில்லை. பயில்வான் அல்லவா? ஏற்றினார். தாழ்கள் எல்லாம் கடக்கென்று போய் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை.

எனக்குப் போன் வந்தது. "அக்கா, சும்மா ஒரு சந்தேகம். தாழ் போய் இறுகி நின்னுட்டா என்ன பண்ணணும்?"

"யாருக்கு, மச்சினிக்கா?"

"மச்சினி இல்லக்கா. அண்ணி. பால்கனியில நிக்கறாங்க."

நான் நெட்டையைக் கூப்பிட்டேன், நெட்டை கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டான், ஆளுக்கொரு கருவியோடு தங்கள் வீட்டு வரவேற்பறையில் வந்து நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீ கீலைத் தூக்கினியா?" "நீங்க முட்டுக் கொடுத்தீங்களா?" "அப்ப நான் எதுக்குக் குழியை இறக்கினேன்?" கதவு வேலையையே சோறாகத் தின்கிறவர்கள் ஒரு கதவைச் சரிசெய்தே சாகடித்திருக்கிறோம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்கிறார், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் உள்ளே வராது என்று இரட்டைக் கண்ணாடியைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் நாங்கள் பெருமையடிப்பது பொய்யில்லை. பயில்வான் பேய்முழி முழித்தார். அண்ணி மட்டும் ஒரு தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, டம்ளரைத் தூக்கிக் குடிப்பது போலக் கையால் காட்டினார். டீ வேண்டுமாம்.

கீலைத் தொட நெட்டைக்குப் பயம், கண்ணாடியைத் தொடக் கண்ணாடிக்காரருக்குப் பயம். வேறு வழியில்லாமல் நானே தங்களுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, ஒரு அவசரக் கம்ப்ளெய்ன்ட். பால்கனிக் கதவு. ஒரு அம்மா வெளியில மாட்டிக்கிட்டாங்க."

"பதற வேண்டாம்னு சொல்லும்மா, இதோ வரேன். அட்ரஸ் சொல்லு."

"உங்க அட்ரஸ்தாண்ணே."

தாங்கள் வந்த வேகத்தை நாங்கள் மறக்க மாட்டோம். கையும் களவுமாக நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தீர்கள். 'பிசாசுங்களா' என்ற சொல் தங்கள் வாய் வரை வந்ததை எல்லோரும் பார்த்தோம். அது வெளியே வரவில்லை. காரணம், அப்போது அண்ணி தங்களைப் பார்த்து, 'எனக்கு ஒன்றுமில்லை, நிதானமாக வாருங்கள்' என்பது போல, இரண்டு கைகளையும் விரித்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அண்ணியின் விரல்கள் அவர் விரிக்க நினைத்த அளவுக்கு விரியவில்லை. கணுக்கள் எல்லாம் வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடியில் பாதி விரல்தான் பட்டிருந்தது. தாங்கள் கதவைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

பிறகு வேலை நடந்தது. கண்ணாடி தூக்கும் ரப்பர் பிடியைக் கதவில் ஒட்டி, பயில்வானை அதைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுக்கச் சொல்லி, "உன் கனத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு, தொங்கு" என்றீர்கள். தாங்கள் முழங்காலிட்டுக் கைப்பிடியைத் திருப்பினீர்கள். அன்று பூட்டோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கதவு திறந்தது. கண்ணாடிக்கு வைத்த முட்டுகளை எடுத்தீர்கள், குழிகளைப் பழைய இடத்துக்கு ஏற்றினீர்கள், கீலைச் சரிபார்த்தீர்கள். எங்கள் கைக்குக் கதவு வெண்ணெயாக வழுக்கியது. நாங்கள் அசடு வழிய மூட்டை கட்டத் தொடங்கினோம்.

அப்போது தாங்கள் அண்ணியிடம், "நீ திற" என்றீர்கள்.

அண்ணி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, முதல்ல இவங்களுக்கு டீ போடறேன்" என்று உள்ளே போகப் பார்த்தார். தாங்கள் விடவில்லை. அண்ணி கைப்பிடியைப் பிடித்தார், விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அது இறங்கவில்லை. எங்களில் சிலர் கூரையைப் பார்த்தோம், சிலர் தரையைப் பார்த்தோம்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டீர்கள்.

"நாளா? போங்க நீங்க."

"ஏன் சொல்லலை? பால்கனியில வெயில்னு சொன்னியே. புறாத் தொல்லைன்னு சொன்னியே."

"சொன்னேன். நீங்க நம்பிட்டீங்க. நான் என்ன பண்றது?" என்று சிரித்தார் அண்ணி. "உங்க கைக்குத்தான் தினமும் திறந்துதே. திறக்கிற கதவைப் போய் ரிப்பேர்னு எப்படிச் சொல்றது? நாலு வீட்டுக் கதவைத் திறந்துட்டுக் களைச்சுப் போய் வர்ற மனுஷன்கிட்ட."

அண்ணா, தாங்கள் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் வலு குறைந்த கை எது என்று தேடிய தாங்கள், சொந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. தங்கள் கண் கலங்கியதை நாங்கள் பார்த்தோம். பார்க்காதது போல நடித்தோம், மோசமாக நடித்தோம். பயில்வான் வாய்விட்டே அழுதுவிட்டார். அண்ணிதான் எல்லோரையும் தேற்றி, டீ போட்டு, "செத்த வீடு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, கதவுதானே!" என்று அதட்டி, எங்களைப் பால்கனியில் வரிசையாக உட்கார வைத்தார். வேலை கெட்டுப்போன இடத்தில் இவ்வளவு நல்ல டீ எங்களுக்கு எங்கும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை தாங்கள் மேலாளர் அறைக்குப் போனீர்கள். "சார், நீட்டிப்பு வேண்டாம்" என்றீர்கள். மேலாளர் ஏன் என்று கேட்டார். "வீட்டுல ஒரு வேலை பாக்கி இருக்கு சார்" என்றீர்கள். வெளியே நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் கைதட்டிவிட்டோம். மேலாளர் இன்னும் அந்தக் கைதட்டலை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஸ்டோருக்குத் தாங்கள்தான் பெரிய வாடிக்கையாளர். முதல் நாள் உள்ளே இருக்கும் பூட்டுப் பெட்டியையே மாற்றினீர்கள். தூக்க வேண்டாம், தொட்டால் போதும் என்ற வகை. கூடவே நீளமான கைப்பிடி, விரல் மடக்காமல் உள்ளங்கையாலேயே அழுத்தும்படி. மறுநாள் வந்து, "இன்னும் லேசா இறுக்கமா இருக்காம்" என்று மென்மையான ஸ்பிரிங் கேட்டீர்கள். அதற்கு மறுநாள் வேறு கிரீஸ். அதற்கு மறுநாள் கைப்பிடிக்கு ரப்பர் உறை, பிறகு வேறு நிறத்தில் ரப்பர் உறை. "அப்படி எங்கதான் இறுக்குதுன்னு தெரியலையேம்மா. என் கைக்குக் காத்து மாதிரி போகுது. அவ கைக்கு இன்னும் சரியாகலையாம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். எத்தனையோ கதவு கண்ட தாங்கள் ஒரு கதவிடம் இப்படித் தோற்று நிற்பதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, தாங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், நானே வந்து பார்த்தேன்.

நிபுணத்துவத்தின் நிகரற்ற நாயகரே! இப்போது கொஞ்சம் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி இரண்டு கையிலும் டீ டம்ளரோடு வந்தார். கதவருகே நின்றார். கை காலியில்லை. முழங்கையால் கைப்பிடியை மெல்லத் தொட்டார். கதவு திறந்தது.

"அண்ணி! திறக்குதே!"

"முதல் நாளே திறந்துடுச்சும்மா. சுண்டு விரலுக்கே திறக்குது."

"அப்புறம் ஏன் இறுக்கம் இறுக்கம்னு அவரை அலைய விடறீங்க?"

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரியாயிடுச்சுன்னு சொன்னா அவர் கணக்குல வேலை முடிஞ்சது. மறுநாளே பையைத் தூக்கிக்கிட்டு மேனேஜர்கிட்ட போய் நிப்பார். எனக்குத் தெரியாதா அவரை? இப்பப் பாரு, சாயங்காலம் ஆனா பக்கத்துல வந்து உட்கார்றார். கையைப் பிடிச்சு, இந்த விரல் வலிக்குதா, இப்படித் திருப்பினா வலிக்குதான்னு ஒவ்வொண்ணாப் பார்க்கறார். கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பார்த்ததில்லம்மா. 'வா கண்ணு'ன்னு வேற சொல்றார். பூட்டைச் சொல்றாரா என்னைச் சொல்றாரான்னு நான் கேட்டுக்கல."

இதை மடலில் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுது. ஆனா கடைசியில எழுது. விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கிட்ட பிறகு தெரியட்டும். அப்புறம் எங்க போவார்?" என்றார்.

ஆகவே, ஆருயிர் அண்ணா, தங்கள் வீட்டுப் பால்கனிக் கதவு பழுது நீங்கி நலமாக இருக்கிறது என்பதை இந்தச் சபையின் முன் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தங்களிடம் குறையேதும் இல்லை. தங்கள் கை தோற்கவில்லை. ஆனால் தங்கள் சட்டத்தைத் தாங்களே மீறக் கூடாது. கைவலு குறைந்தவர் தம் வாயால், "சரியாயிடுச்சு" என்று சொல்லும் வரை தாங்கள் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. இந்த வாடிக்கையாளர் அதைச் சொல்லப்போவதில்லை என்று எங்களிடம் உறுதியாகத் தெரிவித்துவிட்டார். அவர் சொல்லாத அத்தனை காலமும் தாங்கள் அவர் பக்கத்திலேயே முழங்கால் வலியில்லாமல், மூச்சிரைப்பு இல்லாமல், வாய் ஓயாமல் கொஞ்சிக்கொண்டு, இருவருமாய் டீ குடித்துக்கொண்டு, நூறாண்டும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். அந்தக் கதவு சரியாகிவிட்டது என்று அண்ணி சொல்லும் நாளை நாங்கள் யாரும் பார்க்கவே வேண்டாம்.

இந்த மடலுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். கண்ணாடி ஒற்றைதான், மன்னிக்கவும். பால்கனிக் கதவுக்கு எதிரே இருக்கும் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆணி அடிக்க எங்களைக் கூப்பிட வேண்டாம் என்று அண்ணி சொல்லியனுப்பியிருக்கிறார்.

என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,

ஸ்டோர் அக்கா
நெட்டை
கண்ணாடிக்காரர்
பயில்வான் (படிக்கும்போதே அழுதுகொண்டிருக்கிறார்)
கைதட்டலை இன்னும் மறக்காத மேலாளர்
பட்டறையினர், அலுவலகத்தினர் அனைவரும்

அவர்களோடு, பழுது இன்னும் தீரவில்லை என்று உறுதியாகத் தெரிவித்துக்கொள்ளும்,
பால்கனிக் கதவின் வாடிக்கையாளர்